வட்டு எதற்குப் பொய் சொல்லப் போகிறது?

விளாஸ்தா பேயை நம்புகிறவள் அல்ல. அப்பாவின் சாவுக்கு வந்த பாதிரியாரையே வாசலோடு திருப்பி அனுப்பியவள். ஆனால் மூன்று நாளாக, செத்துப்போன ஓத்தகார் அவளை விடவில்லை. டிராமிலும் ரொட்டிக் கடை வரிசையிலும் அவன் குரல் பக்கத்தில் கேட்டது: "ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

புர்னோ நகரத்தில், கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்ற நிரலைப் பழுது பார்ப்பது இருபத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பு. பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவன் ஓத்தகார்.

வெள்ளிக்கிழமை ஒரு பிழை வந்தது. பென் டிரைவ் உட்பட, தகவல் சேமிக்கும் ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலும், அது எத்தனை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் எண் இருக்கும். கெர்னல் அதை அப்படியே நம்பியது. பொய்யான எண் எழுதிய பென் டிரைவைச் செருகினால் போதும், திறக்கக்கூட வேண்டாம். கெர்னல் தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும். கணினி செருகியவன் கைக்குப் போய்விடும். ஏதோ ஒரு நாட்டின் எல்லைக் காவலர்கள் ஒரு பெண் நிருபரின் மடிக்கணினியில் அப்படித்தான் செருகினார்கள். அவளை நம்பிப் பேசிய ஏழு பேர் இப்போது சிறையில்.

திருத்தம் இரண்டே வரி. எண் எல்லை மீறினால் வட்டை ஏற்காதே. பத்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். மாட்டிக்கொண்டது அதற்குக் கீழே எழுதும் குறிப்பில். பிழையை நிரலுக்குள் கொண்டுவந்த பழைய மாற்றம் எது என்று அதில் சொல்லியாக வேண்டும், அது வழக்கம். தேடினாள். எழுதியவர் ஓத்தகார். சரிபார்த்தவர் விளாஸ்தா.

பதினான்கு வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சலும் கிடைத்தது. "இந்த எண்ணை அப்படியே நம்பலாமா? ஒரு தடவை படிச்சுப் பாரேன்." நாலே நிமிடத்தில் அவள் பதில்: "வட்டு எதுக்குடா பொய் சொல்லப் போகுது? நல்லாத்தான் இருக்கு, போடு."

அவள் படிக்கவே இல்லை. டிராமில் நின்றபடி தட்டிய பதில் அது.

குழுத்தலைவன் ராதிம் வந்து எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு வரிக்கு மூணு நாளா? பிரசவமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிடும்."

"குறிப்பு எழுதிட்டிருக்கேன்."

"'எல்லைச் சோதனை சேர்த்தோம்'னு எழுதி ஓத்தகார் மாத்தத்தைக் காட்டு. செத்தவனுக்கு வலிக்கவா போகுது?"

"அவன் சந்தேகப்பட்டுக் கேட்டான், ராதிம். நான்தான் படிக்காமலே போடுன்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் போடுறோம். அதை ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"நாம படிச்சிருப்போம்னு நம்பித்தான் அந்த நிருபர் பொண்ணு ஏழு பேர் பேரையும் மடிக்கணினியில வச்சிருந்தா. அவங்க உள்ள இருக்காங்க. நாம மத்தியானம் என்ன சூப்புன்னு பேசிட்டிருக்கோம்."

ராதிம் மூக்கைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அவள் எழுதினாள்: "எழுதியவர் அன்றே இந்தச் சந்தேகத்தைக் கேட்டார். சரிபார்த்ததாகச் சொன்ன நான் படிக்கவில்லை." பழைய மின்னஞ்சலின் சுட்டியையும் சேர்த்தாள். பழைய மாற்றத்தை எழுதியவருக்கும் ஒரு பிரதி போவது வழக்கம். பெறுநர் வரிசையில் ஓத்தகாரின் முகவரி தானாக வந்து உட்கார்ந்தது. அதை அழிக்கவில்லை. அனுப்பினாள்.

அடுத்த நிமிடமே பதில் வந்தது. அதில் ஓத்தகார் பெயரைப் பார்த்ததும் உடனே திறந்தாள். இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்றது அது.

இயந்திரம் அனுப்பியதுதான், அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.