வண்டி வராத வாரம்

பெங்களூரில் எங்கள் பொம்மனஹள்ளி வீட்டில் குப்பை மூன்று வகை. ஈரக் குப்பை தினமும் போகும். உலர்ந்தது வாரத்துக்கு இரண்டு முறை. மூன்றாவது வகை அப்பாவுடையது. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையான பிறகு டயபருக்கு வந்துவிட்டார். அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். தெருவே குப்பை வண்டியைச் சுற்றி நிற்கும்போது அந்தப் பொட்டலங்களை நீட்ட எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் இப்படிப் படுக்கத்தான் போகிறார்கள். அப்பாவுக்குத்தான் மானம் போகும்.

ஒரு மழைக்காலத்தில் வண்டி வருவது நின்றுபோனது. குப்பை கொட்டும் இடத்தருகே குடியிருப்பவர்கள் லாரிகளை மறித்துவிட்டார்களாம். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் எங்கள் வீட்டில் இடமில்லை. காய்கறித் தோலைப் பூந்தொட்டியில் போட்டு மண்ணால் மூடினேன். பொட்டலங்களைப் பால்கனியில் ஒரு பெரிய வாளியில் சேர்த்தேன். அப்பாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் வாளிதான் தெரியும்.

ஓரிரு நாளில் புதிதாகச் சேரும் பொட்டலங்கள் குறைந்தன. நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், காலையில் வைத்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருந்தது. டீயும் ஆறிக் கிடந்தது.

“இன்னாத்துக்கு நைனா தண்ணி குடிக்கல?”

“குழிக்குள்ள எறங்குனா ஷிப்ட் முடியிற வரைக்கும் அடக்கினுதான் இருப்போம். பழக்கம்தாம்மா.”

“இது இன்னா குழியா?”

அவர் வாளியைப் பார்த்தார். “வண்டி வரட்டும். அப்புறம் குடிக்கிறேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டினேன், கெஞ்சினேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பித் தந்தார். மறுநாள் அவருக்குப் பேச்சு குழறியது. பயந்துபோய் ஆட்டோ வைத்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் தலைமாட்டில் தொங்கிய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினியும் வெளிய வருமே. வண்டி வந்துச்சா?”

வந்திருக்கவில்லை.

“வந்துச்சு நைனா. எல்லாத்தையும் வாரினு போயிட்டாங்க.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

“அப்படின்னா ரெண்டு டீ வாங்கினு வா.”

எதிர்க் கடையில் வாங்கி வந்தேன். ஒன்று எனக்கு என்று நினைத்திருந்தேன். இரண்டையும் அவரே குடித்தார்.