மொட்டை மாடியில் கேட்ட ‘புடி’

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்தியிருக்கிறேன். ஹாஸ்டலில் தோழிகள் கதை சொல்லிப் பயந்துபோய் ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுத்தபோது நான் மட்டும் என் கட்டிலில் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் நினைப்பேன்.

கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசுக்கு மாற்றல் ஆனதால் திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தா வந்தோம். காளிகாட்டில் ஒரு பழைய வீட்டின் மேல்தளம் வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள், எங்களுக்கு மேலே மொட்டை மாடி. வீட்டுக்கார அம்மாவை எல்லோரையும் போல நானும் ‘பௌதி’ என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். அரைகுறை இந்தியிலும் அரைகுறை வங்காளியிலும் பேசிக்கொள்வோம்.

எங்களுக்கு ஒரே மகள், மித்ரா. அப்போது மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். காதைப் பரிசோதித்துவிட்டார்கள், காது நன்றாக இருந்தது. குக்கர் விசில் அடித்தால் திரும்புவாள், காக்கா கத்தினால் திரும்புவாள், நான் கூப்பிட்டால் மட்டும் இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறாளா?” என்பதுதான். “சில சமயம்” என்று பதில் சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்ச மாதம் பார்ப்போம், அதன் பிறகும் இப்படியே இருந்தால் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்றார் அவர்.

ஊரிலிருந்து அத்தை, கணவரின் அம்மா, போன் செய்தால் முதல் கேள்வி அதுதான். “என்னட்டி, புள்ள இன்னும் வாயத் தொறக்கலியா? எங்க வீட்ல ஒருத்தரும் இப்படி ஊமக்கோட்டான் மாதிரி இருந்ததில்லம்மா. ஒங்க பக்கம் யாருக்கும் இருந்துச்சா?”

பௌதிக்கு வேறு கவலை. வங்காளத்தில் மித்ரா என்பது குடும்பப் பெயர். “அது டைட்டில் ஆச்சே, பெயர் என்ன?” என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். பௌதி அதோடு விடவில்லை. “சரி, டாக் நாம் என்ன?” என்றாள். வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர். அப்படித் தனியாக ஒன்றும் இல்லை, பாப்பா என்போம், மித்ரா என்போம் என்றேன். “ஓ மா! டாக் நாம் இல்லாத குழந்தையா? பிறகு எப்படி அது திரும்பிப் பார்க்கும்?” என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது.

குழந்தைக்கு வெளிச்சமான, நிறமான ஒரு மூலை இருக்கட்டும், அங்கே உட்கார்ந்து அவளோடு நிறைய பேசுங்கள் என்று மித்ராவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். வாடகை வீட்டுச் சுவரில் கை வைக்க முடியாது. அதனால் சாமான்களுக்கு நிறம் அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மஞ்சள் பிடிக்கும், அதுவும் பழுத்த பங்கனப்பள்ளியின் தோல் மஞ்சள். திரைச்சீலை, தலையணை உறை என்று ஒவ்வொன்றாக அந்த மஞ்சளுக்கு மாற்றினேன். பொம்மைகளும் துணியும் வைக்க டிராயர் வைத்த ஒரு குட்டை அலமாரி மட்டும் வேண்டியிருந்தது.

அலிப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று பௌதி கூட்டிக்கொண்டு போனாள். போனில் பேசிக்கொண்டே சாமான் காட்டிய ஒரு ஆள், எது வேண்டுமானாலும் எடுங்கள், நாளைக்குள் காலியாக வேண்டும் என்றான். அந்த அலமாரி மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பர்மா தேக்கு, மூன்று பெரிய டிராயர், மேலே கறுப்புப் பெயின்ட். இரண்டு பேர் முக்கி முனகித்தான் எங்கள் படியில் ஏற்றினார்கள்.

பெயின்ட் வாசனை குழந்தைக்கு ஆகாதென்று அதை வராந்தாவில் கம்பித் தடுப்பு ஓரமாகப் போடச் சொன்னேன். உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கறுப்புப் பெயின்ட் போனதும் அடியில் மரம் வரும் என்று பார்த்தால் வெள்ளை வந்தது. அதையும் தேய்த்தேன். அதற்கும் அடியில் மஞ்சள்.

ஏதோ ஒரு மஞ்சள் என்று நினைக்காதீர்கள். கடையில் இருந்த எந்த மஞ்சளும் பிடிக்காமல், அவர்கள் கொடுத்ததில் கொஞ்சம் ஆரஞ்சும் ஒரு துளி வெள்ளையும் நானே கலந்து, நாலைந்து முறை அட்டையில் பூசிப் பார்த்து உண்டாக்கிய நிறம் என்னுடையது. பெயின்ட் டப்பாவின் மூடியை எடுத்து அந்தப் பழைய மஞ்சள் மேல் வைத்துப் பார்த்தேன். எங்கே மூடி முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். “மஞ்சள்னா எல்லாம் மஞ்சள்தான? ஒனக்குப் புடிச்ச கலரு ஊர்ல வேற யாருக்கும் புடிக்கக் கூடாதா?” என்றார். அதுவும் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் யாரோ ஒரு அம்மா தன் குழந்தைக்காக இப்படித்தான் உட்கார்ந்து கலந்திருப்பாள் என்று நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஏன் அதை இரண்டு தடவை மூடி அடித்தார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கடைசிப் பூச்சு அடித்த மத்தியானம்தான் அது நடந்தது. விளிம்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டிராயர்களைப் பாதி இழுத்து வைத்திருந்தேன், கீழே இருப்பது அதிகமாகவும் மேலே இருப்பது குறைவாகவும். மித்ரா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சித்திரை மாதம், கொளுத்துகிற வெயில், திடீரென்று வானம் கறுத்தது. இங்கே கால்பைசாகி என்பார்கள், கோடைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வரும் புழுதிக்காற்று, பின்னாலேயே மழை. மாடியில் துணி காய்கிறதே என்று வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். சாத்தினேன், அது நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் தாழ் போட்டேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

காற்று சேலைகளைத் தூக்கி அடித்தது. அவற்றை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தபோது, நம்புங்கள், நம்பாமல் போங்கள், என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் சொன்னது.

“புடி.”

திரும்பினேன். யாரும் இல்லை. மறுபடியும் “புடி... ஓ புடி...” எங்கள் ஊரில் ‘பிடி’ என்பதை எப்படிச் சொல்வோமோ அப்படியே. அந்தத் தெருவிலேயே தமிழ் பேசுகிற ஆள் நாங்கள் மட்டும்தான், கணவரோ ஆபீசில். எதைப் பிடிக்கச் சொல்கிறாள், யார் சொல்கிறாள் என்று நினைப்பதற்குள் என் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. தோளில் இருந்த துணியெல்லாம் படியிலேயே விழுந்தது.

வராந்தாக் கதவு திறந்திருந்தது. என் மகள் டிராயர்களைப் படியாக்கி ஏறி, அலமாரியின் உச்சியில் மண்டி போட்டு, கம்பித் தடுப்புக்கு மேலே வயிறு வரைக்கும் வெளியே சாய்ந்திருந்தாள். அழவில்லை, பயப்படவில்லை. தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தை நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் வெளியே வெறும் காற்றில் நீட்டியிருந்தாள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. தெளிவாக, இழுத்து, பதில் சொல்கிற மாதிரி.

“ஜா...ய்.”

கவுனைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். அவள் உள்ளங்கை, உள்ளங்கால், என் புடவை எல்லாம் மஞ்சள். அப்போதுதான் மழை அடித்தது.

சத்தம் கேட்டுக் கீழே இருந்து பௌதி ஓடிவந்தாள். தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள், அவள் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் உளறிவிட்டேன். யாரோ தமிழில் ‘புடி’ என்று சொன்னார்கள், அதனால்தான் ஓடிவந்தேன், இல்லாவிட்டால் என் குழந்தை போயிருக்கும் என்று.

“தமிழா?” என்றாள் பௌதி. “புடி எங்கள் வார்த்தை அல்லவா?”

“உங்கள் வார்த்தையா? என்ன அர்த்தம்?”

“கிழவி. ஆனால் சின்னப் பெண் பிள்ளைகளைத்தான் அப்படிச் செல்லமாகக் கூப்பிடுவோம். எங்கள் குடும்பத்திலேயே மூன்று புடி உண்டு, ஒருத்திக்குக் கல்யாணமாகிப் பேரன் வந்தாச்சு, இன்னும் அவள் புடிதான்.” சிரித்துக்கொண்டே சொன்னவள், “அது சரி, குழந்தை என்ன சொன்னது?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

“ஜாய் என்றால் ‘போகிறேன்’. ஆனால், அம்மா உள்ளே இருந்து கூப்பிட்டால் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் பதில் சொல்லும். நீங்கள் ‘வாரேன்’ என்பீர்களே, அதுபோல.”

மித்ரா தரையில் உட்கார்ந்து விரலில் இருந்த பெயின்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் “மித்ரா” என்று கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னும் ஒருமுறை கூப்பிட்டேன். இல்லை. அதன் பிறகு நான் செய்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த அம்மாவாக இருந்தாலும் செய்திருப்பாள் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். மெதுவாக, “புடி” என்றேன்.

சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “ஜாய்” என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூன்று வருடம் காத்திருந்த பதில் அது. சந்தோஷத்தில் அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கணவர் வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “கீழ் வீட்ல பிள்ளைங்கள அப்படிக் கூப்பிடுறத இவ கேட்டிருப்பா. நீயும் எப்பவோ கேட்டு மனசுல பதிஞ்சிருக்கும். காத்துல என்ன சத்தம் வந்துச்சோ. பிள்ள பேசிட்டா, அதப் பாரு” என்றார். வராந்தாத் தடுப்புக்கு மேலே கம்பிவலை போட்டார். அலமாரியை விற்றுவிடலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

ஏனென்றால் அதற்கு முன்னால் உட்கார்ந்தால் அவள் பேசினாள். அறைக்குள் கொண்டுபோய் வைத்த பிறகு தினமும் ஏதாவது ஒரு சத்தம், ஒரு அசை, பிறகு வார்த்தைகள். தண்ணீர், காக்கா, பூ. தமிழும் வந்தது, வங்காளியும் வந்தது. அத்தைக்குப் போனில் ‘ஆச்சி’ என்று சொன்னாள், அத்தை “என் ராசாத்தி!” என்று அழுதார். அப்படிப்பட்ட ஒரு சாமானை எந்த வாயால் வேண்டாம் என்பேன்? ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் குரலை நினைவில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘பிடி’ என்று பதறிக் கத்துகிற குரலா அது? அவ்வளவு காற்றிலும் அது கத்தவே இல்லை. சோறு பிசைந்து வைத்துவிட்டு, விளையாடுகிற குழந்தையை உள்ளே அழைப்போமே, அந்தக் கனிவு. என்னை எச்சரித்ததா, என் மகளை அழைத்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எச்சரித்தது என்றால் அந்தக் குரலை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இன்னொன்று என்றால்?

ஒருநாள் காலை இட்லித் தட்டோடு அறைக்குள் போனேன். மித்ரா எனக்கு முதுகு காட்டி அலமாரி முன்னால் நின்றிருந்தாள். தலையை அண்ணாந்து, “மா” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “மா, ஏஷோ.” வா என்று அர்த்தம், அந்த அளவுக்கு எனக்கும் வங்காளி வந்திருந்தது. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. என்னை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள், ஒருநாளும் மா என்றதில்லை.

அன்று மத்தியானமே தெருவில் கூவிக்கொண்டு போன பழைய சாமான்காரரைக் கூப்பிட்டேன். பேரம் பேசவில்லை. மித்ராவைப் பௌதி வீட்டில் விட்டிருந்தேன். திரும்பி வந்து காலியான இடத்தைப் பார்த்தாள், அழவில்லை, கேட்கவும் இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வேறு வீட்டுக்கும் மாறிவிட்டோம். மித்ரா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓய்வதில்லை, டீச்சர் புகார் சொல்கிற அளவுக்குப் பேசுகிறாள். டாக்டர் ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட்டார். மித்ரா என்று கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கணவர் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். அந்தச் செல்லப் பெயரை நான் அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை நான் மட்டும்தான் கவனித்திருக்கிறேன், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில், பூங்காவில், பள்ளிக்கூட வாசலில், எங்கே நின்று நான் கூப்பிட்டாலும் அவள் முதலில் என்னைப் பார்ப்பதில்லை. எனக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, என் உயரத்துக்கு முகத்தைத் தூக்கி ஒரு கணம் பார்க்கிறாள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் யாரிடம் போவது என்று பார்ப்போமே, அப்படி. அதற்குப் பிறகுதான் என்னிடம் ஓடிவருகிறாள். இதுவரைக்கும் என்னிடம்தான் ஓடிவந்திருக்கிறாள்.