நின்றுபோன புரொப்பெல்லர்

செங்காங் வட்டாரத்தில் தலைக்கு மேல் போர் விமானம் போகும்போது யாரும் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. போனில் இருப்பவர் பாதிச் சொல்லில் நிறுத்துவார். குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்தவர் வானத்தைத் திட்டுவார். நஃபீசா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். அந்த ஓட்டம்தான் கடைசியில் அவர் கையில் கேமராவைக் கொடுத்தது.

பகலில் ஜாலான் புசார் சாலையில் கணவர் காதரின் ஹார்ட்வேர் கடையில் குழாயும் பூட்டும் விற்பார். ஓய்வு நாளில் தலைத்துணியைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீள லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுக்குமாடிக் கார்ப்பார்க்கின் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். காதரின் அக்கா ருக்கையாவுக்கு இது ஆகவே ஆகாது.

"பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பீரங்கி?"

"நீங்க வளையல் வாங்குறப்ப நான் கேட்டேனா ராத்தா? எனக்கு இதுதான் வளையல்."

ருக்கையா ஒரு மாதம் பேசவில்லை. நஃபீசாவுக்கு அந்த மாதம் நிறையப் படம் கிடைத்தது.

விமானப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு மன்றம் உண்டு. தலைவர் பாலகிருஷ்ணன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தும்முவதற்குக்கூடக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிற ஆள். ஆண்டுதோறும் படக் கண்காட்சி வைப்பார்கள். நஃபீசா கொண்டுபோகும் கறிபஃப் ஒன்றுகூட மிஞ்சியதில்லை. அவர் படம் ஒன்றுகூடச் சுவர் ஏறியதில்லை. ஒரு தடவையாவது தன் படம் அந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை, வெறி.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெட் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதற்குக் கேமராவின் ஷட்டர் மிக வேகமாகத் திறந்து மூடும்படி வைக்க வேண்டும். புரொப்பெல்லர் வைத்த பழைய விமானத்துக்கு ஷட்டரை மெதுவாக்கி, விமானத்தோடு சேர்ந்து உடம்பையும் திருப்ப வேண்டும். அப்போதுதான் புரொப்பெல்லர் சுழல்வது படத்தில் தெரியும். மறந்துபோய் வேகத்திலேயே விட்டால் பிளேடுகள் அசையாமல் நிற்கும். நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். மன்றத்தில் அதைவிடப் பெரிய கேவலம் கிடையாது.

நஃபீசா மறந்துபோனார்.

விமானக் கண்காட்சி நடந்த சமயம். சாங்கி கடற்கரையில் மன்றத்து ஆண்கள் நல்ல இடமாகப் பார்த்துத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஓர் ஆள் நிற்க இடம் விட ஒருவருக்கும் மனம் வரவில்லை. சரிதான் போங்கள் என்று நஃபீசா தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருந்த பாறைப் பக்கம் போனார். இரண்டு ஜெட்கள் காதைப் பிளந்துகொண்டு கடந்தன. இரைச்சல் அடங்குவதற்குள், உலகப்போர்க் காலத்து ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று தாழ்வாகத் திரும்பிப் பாறைகளை ஒட்டி வந்தது. விமானி கண்ணாடி மூடியைப் பின்னுக்குத் தள்ளி, தூண்டில்காரர்களுக்குக் கையாட்டினார். நஃபீசா அழுத்திக்கொண்டே இருந்தார்.

திரையில் பார்த்தபோது சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. விமானியின் வெள்ளை மீசை, அதற்குக் கீழே சிரிப்பு, இறக்கையில் ஒட்டுப்போட்ட பெயிண்ட், எல்லாம் துல்லியம். மூக்கில் மட்டும் புரொப்பெல்லர் விறைத்து நின்றது.

பாலகிருஷ்ணன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சிஸ்டர், இது வேற யாருகிட்டயும் இல்ல லா! உள்ள நுழைஞ்சதும் இதுதான் தெரியணும். புரொப்பெல்லரை மட்டும் கம்ப்யூட்டர்ல சுத்த விட்டுருவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம் சார். நின்னது நின்னபடியே இருக்கட்டும்."

"பாக்குறவங்க சிரிப்பாங்க."

"என்னைப் பாத்துத்தானே சிரிப்பாங்க? சிரிக்கட்டும்."

"மன்றத்துக்கு ஒரு மானம் இருக்குல்ல?"

"அந்த ஆளு கையாட்டுனப்ப அங்க நின்னது நானு. தப்புப் பண்ணதும் நானு. ரெண்டும் என்னோடது சார். நான் எடுக்காத புரொப்பெல்லர் எனக்கு எதுக்கு?"

"பார்க்கலாம்" என்றார் பாலகிருஷ்ணன். வங்கி மேலாளர் சொல்லும் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று கடன் கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும். நஃபீசா கடன் கேட்டுப் போனதில்லை, நம்பிவிட்டார். படத்தை அப்படியே ஒரு பிரதி போட்டுக் கடையில் பூட்டு அலமாரிக்கு மேலேயும் மாட்டிக்கொண்டார்.

மன்றத்தின் படக் கண்காட்சி அவர்கள் கடைக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில். புது பாஜு கூரோங் உடுத்திக்கொண்டு நஃபீசா படியேறினார். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அவர் படம், அரை ஆள் உயரத்துக்கு. கீழே அவர் பெயர். மூக்கில் புரொப்பெல்லர் ஜம்மென்று சுழன்றுகொண்டிருந்தது.

நஃபீசாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஆனால் சுற்றிலும் கூட்டம், எல்லோர் கண்ணும் அவர் படத்தின் மேல். இத்தனை வருடம் எதற்கு ஏங்கினாரோ அது நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றார்.

பக்கத்தில் வந்த இளம்பெண் ஒருத்தி, "ஆண்ட்டி, இது நீங்க எடுத்ததா? புரொப்பெல்லர் சுத்துறது அவ்ளோ அழகா இருக்கு!" என்றாள்.

நஃபீசா எட்டிப் படத்தைக் கழற்றினார். பாலகிருஷ்ணன் பதறி ஓடிவந்தார்.

"சிஸ்டர், கெஸ்ட் எல்லாம் பாக்குறாங்க!"

"பாக்கட்டும் சார். பாக்கத்தானே கூப்பிட்டீங்க."

படத்தைச் சுவரோரம் முகம் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டுப் படியிறங்கினார். கடைக்கு வந்த அவர் முகத்தைக் கண்டதும் காதருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆணி, சுத்தியல் ஏதாச்சும் வேணுமா?"

"எல்லாம் அங்கயே இருக்கு."

அலமாரிக்கு மேலிருந்த படத்தை எடுத்துப்போய் அதே ஆணியில் மாட்டினார். அந்தப் பெரிய சுவரில் அது கைக்குட்டை அளவுதான் தெரிந்தது. பின்னால் யாரோ இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

"ஆண்ட்டி, இதுல ஏன் சுத்தல?" என்றாள் அந்தப் பெண்.

"அது சுத்திச்சும்மா. நான்தான் ஷட்டரை மாத்த மறந்துட்டேன்." கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அப்ப, இது தப்பான படமா?"

"தப்பு இருக்கு. பொய் இல்ல."

சிரித்தவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கோணலாக இருந்த படத்தை நேராக்கிவிட்டு, மாலையில் கதவு சாத்தும்வரை அதன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.