இரண்டு ஷெல்களும் வராத செய்தியும்

என் மழைக் குறிப்பேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மட்டும் அடித்தல் இருக்கிறது. "புதிய ஷெல் நான்கு மடங்கு வேகம்" என்று எழுதியதை மறுவாரமே அடித்தேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை.

றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்து மழைமானியைப் பழைய கணினி ஒன்றோடு இணைத்தவர் என் நண்பர். மழை அளவு மீறினால், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துப் போன்களுக்கெல்லாம் மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டையும் அவரே எழுதினார். போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் மனைவி இன்னும் கீழ் லயத்தில்தான் இருக்கிறார். கணினி என் பொறுப்புக்கு வந்தது.

கடைசி வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகும். மழை விட்டபிறகுதான் மெசேஜ் வருது என்று லயத்தில் கேலி செய்வார்கள். ஷெல் என்பது கட்டளைகளை வரிவரியாக வாசித்துச் செய்யும் நிரல். நண்பர் பயன்படுத்தியது பாஷ். டேஷ் என்பது அதைவிடச் சிறியது, வேகமானது என்று படித்திருந்தேன். வெயிலடித்த இரண்டு நாள் ஸ்கிரிப்டை இரண்டிலும் நூறு நூறு தடவை ஓட்டி நேரம் குறித்தேன். பிழைச் செய்திகள் திரையில் ஓடினால் அளவு பிசகும் என்று அவற்றை மறைத்துவிட்டேன். டேஷ் ஜெயித்தது. எந்த ஷெல்லில் ஓடவேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்டின் முதல் வரியை டேஷுக்கு மாற்றினேன்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் மழை பிடித்தது. மானி அளவைத் தாண்டியது. ஒரு செய்தியும் போகவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது: மழை அளவைச் சரிபார்க்கும் வரியை நண்பர் பாஷுக்கே உரிய முறையில் எழுதியிருந்தார். டேஷுக்கு அது புரியாமல், மழையே இல்லை என்பதுபோல் தாண்டிப் போயிருக்கிறது. வேகத்தில் பாதி, செய்யாத வேலையின் வேகம்.

குடையோடு கீழே ஓட வாசலுக்கு வந்தால் எதிரே அவர் மனைவி. பின்னால் லயமே நனைந்தபடி ஏறி வந்துகொண்டிருந்தது.

"அவரு போன பொறகும் இவ்வளவு மழைக்கு அவரு மெசேஜ் வராம இருந்ததே இல்லைங்கண்ணே," என்றார். "அவருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அதான் எல்லாரையும் கெளப்பிட்டேன்."

பொழுது சாய்வதற்குள் கீழ் லயத்தின் பின்சுவர் மண்ணோடு உள்ளே வந்துவிட்டது. வீடுகளில் யாரும் இல்லை.

அன்றே பாஷுக்குத் திரும்பினேன். செய்தி இப்போதும் மெதுவாகத்தான் போகிறது. யாரும் கேலி செய்வதில்லை. பட்டியலில் முதல் எண் அவர் மனைவியுடையது, நண்பர் அப்படித்தான் வைத்திருந்தார். மழை நாளில் அந்த எண்ணுக்குச் செய்தி போய்ச் சேரும்வரை நான் கணினி முன்னாலிருக்கும் நாற்காலியில் உட்காருவதில்லை.