பாண்டுரங்கனின் ரைட்

பாண்டுரங்கன் "ரைட்!" என்று ஒரு குரல் கொடுத்தால், திண்டிவனத்தில் நிற்கிற ரயில்கூட விழுப்புரம் போய்த்தான் மூச்சு விடும். சரி, ரயில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கரி பஸ் கிளம்பும், அது பொய்யில்லை. யுத்தத்தில் பெட்ரோல் போனபின், முதுகில் கரியடுப்பைச் சுமந்து புகைகிற அந்த வண்டி, அவன் சொல்லுக்கு ஓர் உறுமலாவது உறுமும்.

காக்கிச் சட்டை, காதிடுக்கில் பென்சில், கன்னத்தில் வெற்றிலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து படிக்குக் கீழே பார்ப்பான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் பாராமல் "ரைட்" சொன்னதில், ஒரு கால் தரையில் இருந்த கிழவர் ஒருவர் விழுந்து முன்பல்லை இழந்தார். அன்றிலிருந்து கடைசிக் கால் படியேறாமல் அந்தச் சொல் அவன் வாயைவிட்டு வராது. அது வராமல் டிரைவர் முருகையனும் வண்டியை எடுக்கமாட்டார்.

சொல்லின் பூர்வீகம் கேட்டால், "எங்கப்பா கலெக்டர் கச்சேரில பியூனுங்க. தொர காயிதத்தப் படிச்சுட்டு ஓரத்துல ரைட்டுன்னு எழுதுவாராம். அப்புறந்தான் காயிதம் நவுரும். பஸ்ஸும் அப்டித்தான்" என்பான்.

தினமும் வரும் வாத்தியார் விருத்தாசலம் விடமாட்டார். "ஆதியில அதுக்கு நேரானது, கோணாததுன்னு அர்த்தம்பா. சரி, வலது கை, உரிமை எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கினது."

"நேரானதா? நம்ம விக்கிரவாண்டி ரோட்டப் பாத்துட்டா சார் சொல்றீங்க?"

போன மாதம் முதலாளி சக்கரபாணி முன்சீட்டில் வந்தார். இன்றைக்கும் தாமதமானால் உன் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று பாண்டுரங்கனிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். கூட்டேரிப்பட்டில் வண்டி புறப்படும் சமயம், கடலைச் செடி அடர்ந்த மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே அந்த ஊர் அஞ்சம்மாள் ஓடிவந்தாள். இடுப்பில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"ரைட்!" என்றார் முதலாளி. வண்டி அசையவில்லை.

"யோவ் முருகையா, காது அடைச்சிக்கிச்சா?"

"கண்டக்டர் சொல்லட்டுங்க."

பாண்டுரங்கனின் வீட்டுக் கஞ்சி முழுக்க அவன் நாக்கு நுனியில் நின்றது. "யம்மா, ஜல்தி வா!" என்று மட்டும் கத்தினான்.

முதலாளி குதித்திறங்கிப் பின்பக்கம் வந்தார். "நாளையிலேர்ந்து நீ வராத!" அதற்குள் அஞ்சம்மாள் ஏறிவிட்டாள். இப்போது தரையில் இருந்தவை முதலாளியின் கால்கள்தான். பாண்டுரங்கன் குனிந்து பார்த்தான்.

"ஏறுங்க மொதலாளி. நீங்க ஏறாம எப்டிச் சொல்றது?"

பஸ்ஸே சிரித்தது. முதலாளி ஏறினார். "ரைட்!"

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் வந்து அடுப்பில் கரி கொட்டினான். முதலாளி பார்த்தார், போ என்று சொல்லவில்லை.

இப்போது ஏறுகிறவர்களிடமெல்லாம் அதே பெருமை. நேற்றும் ஆரம்பித்தான்: "அரை மணி நேரம் நிறுத்தி வெச்சேன்!"

பின்சீட்டில் மல்லாட்டை கொறிக்கும் பிள்ளையோடு அஞ்சம்மாள் இருந்தாள். "அரை மணியா? ரெண்டு கொல்லை தாண்டி வர்ற நேரந்தான்யா. சும்மா அளக்காத."

பாண்டுரங்கன் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான். குனிந்து படிக்குக் கீழே பார்த்தான்.