மூன்றாவது சிலிண்டர்

அன்றைக்கு அந்தப் பழைய தேயிலைக் கொழுந்துக் கொட்டகையில் இருந்தது மூன்று பேர். நான், அக்காவின் கணவர் சேகர் மச்சான், தலவாக்கலையில் பழைய இரும்பு வாங்கி விற்கும் நஸீர் நானா. அக்கா இல்லை. அங்கே கிடந்த விமான இன்ஜினுக்குச் சொந்தக்காரரான வெள்ளைக்காரத் துரையும் இல்லை, அவர் செத்து எத்தனை காலமோ. வேறு யாராவது கை வைத்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசெல்லாம் எனக்கு ஆகாது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன், மெக்கானிக்கல் டிப்ளோமா எடுத்தவன் நான். தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது முனிக் கதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அந்தத் துரை சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தாராம். விமானம் எங்கே போனதோ, இன்ஜின் மட்டும் சாக்கு மூடிக் கிடந்தது. நானா அதை வாங்கி, கொழும்பில் ஒரு ஹோட்டல்காரருக்கு விலை பேசியிருந்தார். கழுவி, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, மரக் காற்றாடியைப் பூட்டிக் கொடுக்க வேண்டும், ஹாலில் வைத்துப் பார்க்க. வேலை என்னுடையது. கூடமாட உதவிக்கு, ஆட்டோவை நிறுத்திவிட்டு மச்சான் வந்தார்.

அந்த இன்ஜினைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நாலு சிலிண்டரும் கீழ்நோக்கித் தொங்கும், காற்றாடியைச் சுற்றும் கிராங்க் மேலே இருக்கும். அப்படிச் செய்தால் காற்றாடி தரையில் இடிக்காது, ஓட்டுகிறவருக்கு முன்னால் மறைக்காது. பேட்டரி கிடையாது, சுற்றும்போது அதுவே மின்பொறி உண்டாக்கிக்கொள்ளும். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், வானத்தில் ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். இதையெல்லாம் மச்சானிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"வவ்வாலு மாதிரி தலகீழா தொங்குதே மாப்ள. இதுல ஏறுனவனும் அப்பிடித்தான் தொங்குனானா?"

நானா சிரித்தார். "பறக்குமாண்டு கேளுங்க, ரெண்டு மடங்கு வெலைக்கு குடுப்பம்."

காற்றாடியைத் தொடும் முன் எட்டு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையால் அசைத்தாலே வெடிக்கும் என்று மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். முன்பக்கம் நாலும் வந்துவிட்டன. பின்பக்கம் நாலும் துருவேறி இறுகிக் கிடந்தன. ஒன்று உடைந்தாலும் நானா முன்னால் டிப்ளோமாவின் மானம் போய்விடும். பெட்ரோல் இல்லை, கார்புரேட்டர் கழற்றி மேசையில் இருக்கிறது. காற்றாடியைப் பூட்டிய பிறகு மூன்று பேரும் தொங்கி இழுத்தும் அரை அங்குலம்கூட அசையவில்லை. செத்த இன்ஜின்தானே என்று அந்தப் பின்பக்கத்து நாலையும் அப்படியே விட்டுவிட்டேன்.

மச்சான் ஸ்டாண்டின் கோண இரும்பைப் பிடித்துக்கொண்டு கடைசி நட்டை முடுக்கக் குனிந்தார். "மாப்ள, எட்டும் கழட்டியாச்சுல்ல?"

"எட்டும் கழட்டியாச்சு மச்சான்."

மணி மூன்று இருக்கும். உடைந்த ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், சூடான எண்ணெய் வாசம் வந்தது, யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் 'டப்' என்று ஒரே ஒரு வெடி. காற்றாடி ஒரு முழுச் சுற்று, வழவழவென்று, தினமும் ஓடுகிற இன்ஜின் மாதிரி வந்து நின்றது. மச்சானின் வலது கை அதற்கும் கோண இரும்புக்கும் நடுவில் இருந்தது.

நானாதான் கத்தினார். "கையத் தூக்கிப் புடிங்க, சாரத்தால கட்டுங்க!" சாரத்தைக் கிழித்து மச்சான் கையைக் கட்டும்போது என் முழங்கை மூன்றாவது சிலிண்டரில் பட்டது, சுட்டது. மற்ற மூன்றும் ஐஸ்.

ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போய் அந்த மூன்றாவதைத் திறந்தேன். பின்பக்கத்து பிளக் இந்த முறை கையாலேயே கழன்று வந்தது, நுனியில் ஈரக் கரி, விரலில் ஒட்டியது. அது போகட்டும். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருந்தது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் ஒரு குளவிக் கூடு, சின்ன மண் கூடு, ஒரு கீறல்கூட இல்லை. பிஸ்டன் ஒரு தடவை அசைந்திருந்தாலும் அது தூளாகியிருக்கும். அப்படியென்றால் காற்றாடியைச் சுற்றியது எது? இன்றைக்கும் சாப்பிடக் கை கழுவும்போது அந்தக் கரி விரலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

துரையோட ஆவி என்று தோட்டமே பேசியது. அக்கா கோயிலில் கிடா நேர்ந்துகொண்டாள். நம்பாத நான், வசதியாக வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் மறைக்க முடியாமல் போய், நாலு பிளக்தான் கழற்றினேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "ஆவி எதுக்குடா வருது? அவரு ஒன்னையத்தான கேட்டாரு?"

மச்சானின் வலது கையில் மூன்று விரல் போனது. ஆட்டோவின் ஆக்சிலரேட்டரை முறுக்க அந்தக் கைதான் வேண்டும், அதனால் ஆட்டோவும் போனது. கல்யாணத்துக்குப் பிறகு தேயிலை மலைக்கே போகாத அக்கா, இப்போது வேலையாட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறாள்.