கடலுக்கு எட்டாத போன்

மீமிசல் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் வெற்றிசெல்வனுக்குச் சொந்த ஊர் கடல் இல்லாத அன்னவாசல். கடலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. போனைப் பற்றி எல்லாம் தெரியும். துபாயிலிருந்து மச்சான் அனுப்பினான், கொரியாவிலிருந்து மாமன் கொண்டுவந்தார் என்று பளபளப்பான பெட்டிகளோடு ஆட்கள் வருவார்கள். மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊருக்கு ஆகாதுங்க, டவர் சரியாப் பிடிக்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். நாட்டுக்கு நாடு போன்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசை வேறு. அதைத்தான் பேண்டு என்கிறார்கள். இங்குள்ள பேண்டு அந்தப் போனில் இல்லாவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அது போட்டோ எடுக்கத்தான் உதவும். இதைச் சொன்னதற்காக அவனோடு சண்டைக்கு நின்றவர்கள் பலர். பத்து நாள் கழித்து வந்து, நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்வார்கள். நேர்மையான ஆள் என்று கடைவீதியில் பெயர் எடுத்திருந்தான். அடுத்தவன் போனைப் பற்றி நேர்மையாக இருப்பது சுலபம்தானே.

போன ஆனி மாதம் சென்னையிலிருந்து ஒரு பெட்டி ஜப்பான் செட்டுகளை அவனே வாங்கி வந்தான். பழசுதான், ஆனால் கீறல் கிடையாது. தண்ணீரில் போட்டாலும் சாகாது. ஒரே ஒரு குறை, அவற்றில் 900 பேண்டு இல்லை. ஊருக்குள் மற்ற பேண்டுகளே போதும், டவர் முழுசாக நிற்கும். 900 என்பது வேகம் குறைந்தது, ஆனால் நெடுந்தூரம் எட்டுவது. அது இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே அடைக்கலமும் அவர் மனைவி சத்யாவும் கடைக்கு வந்தார்கள். அடைக்கலம் சின்ன வள்ளத்தில் தனியாகவே கடலுக்குப் போய் நண்டு வலை விடுகிறவர். கையில் பட்டன் போன் வைத்திருந்தார். தினமும் வலையை வள்ளத்துக்குள் இழுத்து வாங்கியதும் அதில் கூப்பிட்டு, "திரும்பிட்டேன், ஒலையப் போடு" என்பார். சத்யாவுக்கோ அவர் கையில் பெரிய போன் இருக்க வேண்டும்; ஊரே முகம் பார்த்துப் பேசும்போது தன் வீட்டில் மட்டும் இந்தக் கட்டையா என்று அவளுக்கு ஆற்றாமை.

"கடல்ல எடுக்குமா தம்பி?" என்று அடைக்கலம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

வெற்றிசெல்வன் அவருடைய சிம்மை ஜப்பான் செட்டில் போட்டு, தெருவில் இறங்கி நின்று சத்யாவின் போனுக்கு அடித்தான். மணி அடித்தது. "பாருங்கண்ணே, டவர் ஃபுல்லா நிக்குது" என்றான். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவனுக்கு அப்போதே தெரியும். பட்டன் போனை எக்ஸ்சேஞ்சில் வாங்கி மேசை டிராயரில் போட்டான்.

இரண்டு நாள் காற்று அதிகமென்று யாரும் கடலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியலில் புதுப் போனோடு போன அடைக்கலம் மதியம் வரை திரும்பவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது என்பதும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வள்ளத்தைக் கடலுக்குள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று என்பதும் பிறகுதான் தெரிந்தது. எந்தப் பக்கம் போனார் என்று சொல்ல ஒருவருமில்லை. தேடிப்போனவர்கள் அவர் வழக்கமாக வலை விடும் தெற்கே தேடினார்கள். அவர் வடகிழக்கே கிடந்தார். நான்காம் நாள் உடல் கரை சேர்ந்தது. இடுப்பில் பாலித்தீன் பையில் முடிந்திருந்த போனும் கூடவே வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, சத்யா அந்தப் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"அன்னைக்குச் சண்டை போட்டுட்டுச் சாப்பிடாமப் போனாரு தம்பி. சாகுற நேரத்துலகூட அந்தக் கோவத்துல கூப்பிடாம இருந்துட்டாரோன்னு தூக்கமே வரல. கூப்பிட்டாரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

சார்ஜ் போட்டான். ஜப்பான்காரன் சொன்ன சொல் தவறவில்லை, போன் திறந்துகொண்டது. சத்யா, சத்யா, சத்யா என்று ஒரே பெயர் வரிசையாகக் கீழே இறங்கியது. முப்பத்தொரு தடவை. முதல் அழைப்பு காலை ஒன்பதே முக்காலுக்கு, கடைசி அழைப்பு சாயங்காலம் ஐந்து பத்துக்கு. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. தண்ணீர் போய்விட்டது, திறக்கவில்லை என்று சொல்லிவிட அவன் நாக்கு துடித்தது. சொன்னால் இவன் தப்பிப்பான். அவள் காலம் முழுக்க அந்தக் கோபத்தோடுதான் கிடக்க வேண்டும். போனை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "என்னயத்தான் கூப்பிட்டிருக்காரு" என்று சொல்லி அழுதாள். முகம்கூடச் சற்றுத் தெளிந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுகூட வரலையே தம்பி. பட்டன் போன்ல தெனமும் வருமே."

"கடலுக்கு எட்டுற பேண்டு இதுல இல்லக்கா. எனக்குத் தெரியும். அண்ணன் கேட்டப்ப நான்தான் மறைச்சுட்டேன்."

தெருமண்ணை வாரித் தூற்றிச் சபிப்பாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். அப்படிச் செய்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். பதினேழு நாளாக அதற்காகத்தான் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

சத்யா மேசை டிராயரைப் பார்த்தாள். "பழசு இருக்கா?" என்றாள். டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதன் பட்டன்களை விரலால் தடவினாள்.

"இதுல கூப்பிட்டிருந்தா வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்க்கா."

"இதுவே போதும் போதும்னுதான் சொன்னாரு. நான்தான் விடல."

அப்படியில்லை என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள், பட்டன் போனை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.